கப்பின் மேல் மூன்று புள்ளிகள்

கேமரா துடைக்கிற மெல்லிய துணி பையில் இருக்கிறதா என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் கையைத் தூக்குவீர்கள். காற்று அடிக்கிற ரப்பர் புளோயர்? அதற்கும் தூக்குவீர்கள். எதற்காகச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், படம் நன்றாக வரத்தான் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொல்கிறீர்கள். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போய்விட்டது. படம் நன்றாக வராவிட்டால் என்ன ஆகும்? இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படித் துடைப்பது, எந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக் காற்று அடிப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கையில் இருக்கிற போனே சொல்லித் தரும். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள். எனக்குத் தோன்றுகிற வரிசையில்தான் சொல்வேன். அவசரக்காரர்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கத்துக்கு வந்த புதிது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போவேன். அண்ணன் படம் எடுப்பார். நான் அதை கம்ப்யூட்டரில் ஏற்றி, வெளிச்சம் கூட்டி, கறை எடுத்து, ஆல்பமாக அடுக்குவேன். அண்ணன் என்றால் ஸ்டூடியோ முதலாளி. கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் கடை ஓடுமா என்று தெருவே கேட்ட காலத்தில் என்னை உட்கார வைத்தவர்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வேடிக்கை பார்ப்பது. அதுவும் ஒன்றுமே இல்லாத இடத்தை. கல்யாணப் படத்தில் எல்லோரும் பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள். நான் அவளுக்குப் பின்னால் இருக்கிற வெற்றுச் சுவரைப் பார்ப்பேன். கோயில் கோபுரத்தை எடுத்த படத்தில் கோபுரத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியான வேளையில், வெளியே ரயில் என்ஜின் எங்கோ முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்க, திரையில் வெறும் நீலம் மட்டும் நிறைந்திருந்தால் எனக்கு அதற்குள்ளேயே போய்விட்ட மாதிரி இருக்கும். "விஜயா கண்ணத் தொறந்துகிட்டே தூங்கும்" என்று அண்ணன் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

விருத்தாசலத்தில் வெள்ளை மண் எங்கே இல்லை? கப்பு, பொம்மை, பியூஸ் கேரியர் என்று செய்கிற பீங்கான் பட்டறைகள் இருக்கிற பக்கம் போனால் வேப்பிலைகூட வெளுத்துத்தான் இருக்கும். காற்று அடித்தால் ரோட்டின் மேல் மாவு மாதிரி எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கும். சாயங்கால வெயில் அதன் குறுக்கே விழும்போது பார்க்க அழகாக இருக்கும். அண்ணனுக்கு அது எமன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா அவர் வாங்கியிருந்தார். அதை பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை துணியில் சுற்றி, துணியை மடியில் வைத்துக்கொண்டுதான் பட்டறைப் பக்கம் ஆட்டோவில் போவார். "மண்ணா இது? இந்த ஊருல கேமரா வச்சிருக்கறதே பாவம்" என்று திட்டிக்கொண்டே வருவார்.

அதே மனிதர் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கேமராவுக்குப் பூசை செய்வார். சந்தனம், குங்குமம், விபூதி. அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, திறந்த வாயோடு இருக்கிற கேமராவைச் சாம்பிராணித் தூபத்துக்கு நேரே பிடிப்பார்.

"அண்ணே, உள்ள புகை போவுது."

"போவட்டும். வெளில இருக்கறது வெறும் கூடு. வேல செய்யறது உள்ளதான இருக்குது? அதுக்கும் காட்டணும்ல."

"தூசு ஒக்காந்துடும்ண்ணே."

"சாம்பிராணிப் பொகையில பூச்சி பொட்டே நிக்காது. தூசு எங்க நிக்கும்?"

இதற்கு ஒரு பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் எடுக்கிற படங்களில் ஒன்றும் தெரியவும் இல்லை. இருட்டு மண்டபத்தில் லென்ஸின் துளையை நன்றாகத் திறந்து வைத்து எடுப்போம். அப்போது உள்ளே படத்தைப் பதிகிற சென்சார் தகட்டின் மேல் தூசி இருந்தாலும் படத்தில் கரைந்து போய்விடும். துளையைச் சிறிதாக்கி, வெள்ளையாகவோ வெறுமையாகவோ இருக்கிற ஒன்றை எடுக்கும்போதுதான் அது முகத்தைக் காட்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை தானாகப் புரியும்.

ஒரு மாசி மகத்துக்கு வீட்டில் விருந்தாளிகள் என்று நான் லீவு போட்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கப்பு செய்கிற ஒரு பட்டறை முதலாளி அண்ணனைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். சென்னையில் ஓட்டல்களுக்குக் கப்பு, சாசர் வாங்கித் தருகிற ஏஜென்ட் ஒருவர் மாதிரிப் படம் கேட்டிருந்தார். அண்ணன் வெள்ளைத் துணி விரித்து, வெள்ளைக் கப்புகளை வைத்து, எல்லாம் துல்லியமாக விழ வேண்டும் என்று துளையை நன்றாகச் சுருக்கி எடுத்திருக்கிறார். நான் இல்லாததால், என் கண்ணில் படாமலேயே, அப்படியே சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டார். சிடி சென்னைக்குப் போய்விட்டது.

அதற்கு அடுத்த வாரம், அண்ணன் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானம், ஒரு பெண் ஸ்டூடியோ வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. படிக்கு வெளியே நின்று புடவையை உதறினாள், முந்தானையால் கையைத் துடைத்தாள், மறுபடி உதறினாள்.

"உள்ள வரலாங்களா? மண்ணா இருக்குதுங்க."

"வாம்மா. இங்க மட்டும் என்ன, சந்தனமா இருக்குது?"

பெயர் ஸ்டெல்லா என்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அந்தக் கப்புப் பட்டறையில்தான் வேலை. கப்புக்குப் பளபளப்புக் கொடுக்கிற பால் மாதிரியான கரைசலை கிளேஸ் என்பார்கள். அதைச் சல்லடையில் ஊற்றி வடிகட்டி, காந்தம் விட்டு இரும்புத் துகளை எடுப்பது அவள் பொறுப்பு. ஒரு துகள் தப்பிப் போனாலும் சூளையில் வெந்து வெளியே வரும்போது கப்பின் மேல் கரும்புள்ளியாக நிற்கும்.

"நீங்க எடுத்த கப்புப் படம் இருக்குதுங்களாக்கா? நான் ஒரு தடவ பாக்கணும்."

எதற்கு என்று கேட்டேன். சென்னைக்காரர் போன் செய்திருக்கிறார், கப்பில் எல்லாம் கரும்புள்ளி இருக்கிறது, இந்தச் சரக்கு வேண்டாம் என்று. முதலாளி ஓடிப் போய்ப் படத்துக்கு வைத்த கப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. அங்கேதான் வினை. பட்டறைக்குப் பின்னால் உடைந்த சரக்குக் குவியல் ஒன்று உண்டு; விரிசல் விட்டது, வளைந்தது எல்லாம் உடைத்து அதில்தான் போடுவார்கள். ஸ்டெல்லா புள்ளி விழுந்த கப்புகளை உடைத்துக் குவியலில் போட்டுவிட்டு, நல்ல கப்புகளை அந்த இடத்தில் மாற்றி வைத்துவிட்டாள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். கப்பு சுத்தமாக இருப்பதே அவள் செய்த திருட்டுக்குச் சாட்சியாகிவிட்டது.

"எல்லாரும் இருக்கும்போதே சொன்னாருங்க. இன்னிக்கி சாயங்காலம் வந்து கணக்க முடிச்சிக்கன்னுட்டாரு. நாளையிலேருந்து வேற ஆளு."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டேன். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், அந்த வேலைதான் என்றாள். இந்த ஊரில் சல்லடையில் பெயர் கெட்டவளை வேறு எந்தப் பட்டறையிலும் சேர்க்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

படங்களைத் திறந்தேன். முதல் படத்தில் ஒரு கப்பு. அதன் வயிற்றில் மங்கலாக மூன்று புள்ளிகள். ஸ்டெல்லா திரைக்கு முன்னால் குனிந்து, கண்ணாடியைத் தொடாமல் விரலை நிறுத்தினாள்.

"இதுங்களா?"

"ஆமா."

அவள் ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. திரையையே பார்த்தபடி அடுத்த படம், அடுத்த படம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல என் கண் கப்பை விட்டு நழுவி, பக்கத்தில் இருந்த வெறும் துணிக்குப் போய்விட்டது. வெள்ளைத் துணி. ஒரு மடிப்புக்கூட இல்லை. அதற்குள் இறங்கிப் போகலாம் போல இருந்தது. அப்படி மயங்கிக் கிடந்தபோதுதான், ஒரு சின்ன கப்பின் படத்தில் அந்த மூன்று புள்ளிகளில் ஒன்று கப்பின் மேல் இல்லாமல் துணியின் மேல் இருப்பதைப் பார்த்தேன்.

துணிக்குப் புள்ளி எப்படி வரும்? முதல் படத்துக்குப் போய், அங்கிருந்து வேகமாக ஒவ்வொன்றாகத் தட்டினேன். கப்பு வந்தது, சாசர் வந்தது, டீ ஜாடி வந்தது, எல்லாம் மாறி மாறி மிதந்து போயின. மூன்று புள்ளிகள் மட்டும் அடுப்புக் கல் போட்ட மாதிரி அதே இடத்தில் அசையாமல் நின்றன.

"ஸ்டெல்லா, இது கப்புல இல்லம்மா. எங்க கேமராவுல இருக்குது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்காவ சொல்றீங்களாக்கா?"

இல்லை என்று சொல்லி, மறுபடி தட்டிக் காட்டினேன். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அண்ணன் வரும்வரை அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் நாலு மணி வாக்கில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை. என் கேமராவிலா, நான் அதைக் குழந்தை மாதிரி அல்லவா வைத்திருக்கிறேன் என்று குதித்தார். தட்டிக் காட்டினேன். முகம் சுருங்கிப் போயிற்று. பூசை மாடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு பையைத் திறந்து கேமராவை வெளியே எடுத்து, லென்ஸில் ஒரு கையை வைத்து, மறு கையில் புளோயரை எடுத்தார்.

"ஒரு நிமிஷ வேல. ஊதிட்டுப் போயி, அதே கப்ப புதுசா எடுத்துக் குடுத்துடறேன். பழைய சிடி சரியா பதிவாவலன்னு சொல்லிக்கலாம். அவருக்கு ஆர்டரு போவாது, இந்தப் பொண்ணுக்கும் வேல போவாது. யாருக்கும் ஒண்ணும் இல்ல பாரு."

உண்மையைச் சொல்கிறேன், அது நியாயமாகத்தான் பட்டது. எத்தனை சுலபம். நானும் சரி என்று தலையாட்டியிருப்பேன். அப்போது ஸ்டெல்லா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள், அவ்வளவுதான் செய்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு முழுசாக விளங்கியது. கப்பு சுத்தமாக இருப்பதை வைத்துத்தான் அவளைத் திருடி என்றார்கள். இப்போது படமும் சுத்தமாக வந்துவிட்டால்? பார்த்தாயா, நல்ல கப்பை வைத்தால் நல்ல படம் வருகிறது, அப்படியானால் முன்பு வைத்தது கெட்ட கப்புதானே என்பார்கள். இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொண்டாலும், உடைத்து மறைத்தவள் என்ற பெயர் அப்படியே நிற்கும். அவள் பக்கம் பேச உலகத்திலேயே இருந்த சாட்சி, கேமராவுக்குள் உட்கார்ந்திருந்த அந்தத் தூசி ஒன்றுதான். அதை ஊதித் தள்ள அண்ணனுக்கு ஒரு நொடி போதும்.

அவர் கையிலிருந்த புளோயரைப் பிடுங்கிவிட்டேன்.

"அண்ணே, இப்ப சுத்தம் பண்ணாதீங்க."

"ஏய், கேமராவுக்கு ஓனரு நானா நீயா?"

"நீங்கதாண்ணே. அதனாலதான் நீங்களே அங்க வரணும்ங்கறேன். இப்புடியே, அழுக்கோட."

அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பட்டறைக்காரர்கள் எல்லோரும் அவர் வாடிக்கை. அவர்களிடம் போய் என் கேமராவில் அழுக்கு என்று சொன்னால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று கத்தினார். என்னையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆனால் புளோயரை மட்டும் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சின்னக் குரலில் சொன்னார்:

"வரேன். ஆனா சாம்பிராணி விஷயத்த மட்டும் அங்க யாருகிட்டயும் சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். பட்டறை விடுகிற நேரம். மண் அரைக்கிற இயந்திரத்தை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள் போல. அதன் தூசி முற்றத்தில் இறங்காமல் நின்றிருந்தது. வெயில் மஞ்சளாக அதற்குள் சாய்ந்திருந்தது. பெண்கள் புருவமெல்லாம் வெளுத்து, பால் நிறத்தில், ஒவ்வொருவராக அதற்குள்ளிருந்து நடந்து வந்தார்கள். கனவில் வருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். என்ன வேலையாக வந்தோம் என்பதே ஒரு கணம் எனக்கு மறந்துவிட்டது.

"என்னா ஸ்டெல்லா, பஞ்சாயத்துக்கு ஆளக் கூட்டியாந்துட்டியா?" என்று முதலாளி வெளியே வந்தார்.

அண்ணன் பிளாஸ்டிக் பையிலிருந்து கேமராவை எடுத்தார். துளையைச் சுருக்கினார். கூரைகளுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத வானத்தை நோக்கி ஒரு படம் எடுத்தார்.

"மேல பாருங்க. என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. என்னாய்யா வெளையாட்டு இது?"

"இப்ப இதுல பாருங்க."

கேமராவின் பின்னால் இருந்த சின்னத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். நீல வானம். அதில் மூன்று புள்ளிகள். முதலாளி திரையைப் பார்த்தார், தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். போய்க்கொண்டிருந்த பெண்கள் என்ன என்று சுற்றி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் திரையில் பார்த்துவிட்டு வானத்தில் தேடினாள். கொஞ்ச நேரம் அந்த முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

"அது மேல இல்லீங்க. உங்க கப்புலயும் இல்ல. என் கேமராவுக்குள்ள இருக்குது" என்றார் அண்ணன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "வெள்ளிக்கெழமை தவறாம லென்ஸக் கழட்டிட்டு சாம்பிராணி காட்டுனேங்க. அதுதான் போயி ஒக்காந்துகிச்சி. மண்ணு மேல பழி போட்டுகிட்டு திரிஞ்சேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் காது சிவந்து போக, தலையைக் குனியாமல் நின்றார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான். பின்னாளில் அவர் தொழிலை விட்டபோது பெரிய விருந்தெல்லாம் போட்டு வழியனுப்பியிருக்கிறோம். ஆனால் என் நினைவில் அவர் நிற்பது அந்த முற்றத்தில்தான்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சரி சரி. ஸ்டெல்லா, நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

ஸ்டெல்லா நகரவில்லை.

"அன்னிக்கி எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்க. இப்பவும் எல்லாரும் இருக்காங்க" என்றாள். குரல் தணிவாகத்தான் இருந்தது.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அண்ணனைப் பார்த்தார். "நானே சொல்லிட்டேன், உங்களுக்கு என்னாங்க?" என்றார் அண்ணன். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி, "ஸ்டெல்லா எதையும் ஒடச்சி மறைக்கல. நான் தெரியாம சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவு நேரம் அழாத பெண், அங்கேயே முந்தானையை முகத்தில் அமுக்கிக்கொண்டு விசும்பத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்தது; மறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புளோயரை அண்ணனிடம் கொடுத்தேன். மறுநாள் சுத்தம் செய்த கேமராவில் மறுபடி கப்புகளை எடுத்தோம். சென்னைக்காரர் கேட்டதில் பாதி வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி நிற்கவில்லை, ஆனால் லென்ஸைப் பூட்டி, மூடியும் போட்டு, தூர நின்று காட்டினார்.

ஆகவே பிள்ளைகளே, சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படம் வர மட்டும் இல்லை. நீங்கள் எடுக்கிற படத்தை யாரோ ஒருவர் எங்கோ தன் கண்ணைவிட நம்புவார். எப்போதாவது தவறு நடந்துவிட்டால், துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன்னால், அந்த அழுக்கு யார் மேல் விழுந்திருக்கிறது என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். இது என் அனுபவத்தில் வந்த புத்தி. வேறு பெரிய ஞானம் எதுவும் என்னிடம் இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தாள். கருவேப்பிலங்குறிச்சி பஸ் இன்னும் வரவில்லை. முகம் கழுவியிருந்தாள், காதோரம் மட்டும் கொஞ்சம் வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

"நல்லவேள, நீ வந்து படத்த பாக்கணும்னு கேட்ட. இல்லன்னா எனக்கு எங்க தெரியும்?" என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"இல்லக்கா. படத்துல புள்ளி இருந்துச்சின்னா, ஆமா, நான்தான் ஒடச்சேன்னு ஒத்துகிட்டு அவரு கால்ல வுழுந்துடலாம்னுதான் வந்தேன். நான் ஒரு கப்பக்கூட ஒடைக்கலக்கா. ஆனா படத்துலயே இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்களா... அப்ப நான்தான செஞ்சிருக்கணும்?"